தனிம வேட்டை: எட்டாம் வகுப்புக்கு ஒரு செய்முறை

எட்டாம் வகுப்பில் அணுவும் தனிமமும் தொடங்குவதற்கு முந்தின வாரம், மதுரைப் பக்கத்து மேலூரில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போய்வருவது என் வழக்கம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பி, அடி ஓட்டையான அலுமினியச் சட்டி, திருகு தேய்ந்த பித்தளைக் குழாய், துருவேறிய ஆணிகள், உடைந்த ஸ்பீக்கர் ஒன்று. எல்லாவற்றையும் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. ஸ்பீக்கரை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதன் பின்னால் இருக்கும் வட்டக் காந்தம் இல்லாமல் இந்த விளையாட்டு ஓடாது.

தனிம வேட்டை என்ற பெயரில் பொதுவாக நடப்பது இதுதான்: "ஆக்சிஜன், அணு எண் 8" என்று துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் இடுக்கில் செருகிவைக்கிறோம். பிள்ளைகள் ஓடிப்போய் எடுத்து, நோட்டில் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். ஓட்டமெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டில் இருந்தது நோட்டுக்கு வந்தது, அவ்வளவுதான். அதனால் நான் பொருளையே ஒளித்துவைக்கிறேன். பொருளைக் கண்டுபிடித்தால் ஒரு மதிப்பெண். அதற்குள் இன்ன தனிமம் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டினால் மூன்று மதிப்பெண். இந்த விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மற்றதை உங்கள் பள்ளிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு பீரியடு சேர்ந்தாற்போல் வேண்டும். உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி அவருடைய பீரியடை வாங்கிக்கொள்வது சுலபம். பிள்ளைகளும் வருத்தப்பட மாட்டார்கள். குழுவுக்கு ஐந்து பேர். ஒருவர் எழுதுபவர், ஒருவர் காந்தம் வைத்திருப்பவர், ஒருவர் வக்கீல், மற்ற இருவர் தேடுபவர்கள். வக்கீல் யார் என்பதைக் குழு முடிவு செய்யக் கூடாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விட்டால் எப்போதும் பேசுகிற பிள்ளையே பேசும். பின் பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வக்கீலாக்குங்கள். அந்தக் குழு மதிப்பெண்ணுக்காகவாவது அவனுக்குச் சொல்லிக் கொடுத்துத் தயார் செய்துவிடும்.

குறிப்பு எழுதும் விதம்

குறிப்பை விடுகதையாக எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு விடுகதை பழகின சங்கதி. கூடவே அணு எண்ணைக் கொடுங்கள். பெயரையும் குறியீட்டையும் அவர்களே புத்தகத்தில் தேடி எழுதட்டும். நான் எழுதிய சில:

"மோட்டார் காயிலில் சுருண்டு கிடப்பேன், மழையில் கிடந்தால் பச்சை பூப்பேன். என் எண் 29."

"பென்சிலுக்குள் கறுப்பாய் இருப்பேன், இஸ்திரி வண்டியில் சிவப்பாய் எரிவேன், நகைக்கடையில் வெள்ளையாய் மின்னுவேன். என் எண் 6."

"எலும்பிலும் நான், முட்டை ஓட்டிலும் நான், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலும் நான். என் எண் 20."

"கண்ணுக்குத் தெரியாமல் உன் மூக்குக்குள் போவேன், போன மாதிரியே திரும்பி வருவேன். உரமூட்டையில் என் பெயர்தான் முதலில். என் எண் 7."

கடைசிக் குறிப்புக்கு நைட்ரஜன் விடை. உரக்கடைச் சாக்கு ஒன்றைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மடித்துப் போட்டு வைப்பேன். யூரியா சாக்கில் நைட்ரஜன் 46 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். கலப்பு உரச் சாக்கில் 17-17-17 என்று மூன்று எண்கள் இருக்கும். விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வரிசை மனப்பாடம்: தழை, மணி, சாம்பல். தழைச்சத்து நைட்ரஜன், மணிச்சத்து பாஸ்பரஸ், சாம்பல் சத்து பொட்டாசியம் என்று சொன்னால் போதும், மூன்று தனிமம் ஒரே சாக்கில் முடிந்தது. சாக்கை நன்றாக உதறிக் கழுவிக் காயவைத்துத்தான் கொண்டுவர வேண்டும். உரத்தைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.

பத்துப் பொருளை நீங்கள் ஒளித்துவைத்தால் போதும். மீதி பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் இன்னும் தண்டவாளத் துண்டுதான் மணி. கொடிக்கம்பம் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். மொட்டை மாடியில் சூரிய மின்தகடு இருந்தால் சிலிக்கான் கிடைத்துவிட்டது. இல்லாவிட்டாலும் கவலையில்லை, மேலூரில் கல்லுக்கா பஞ்சம்? ஒரு கிரானைட் சில்லை எடுத்தால் ஆக்சிஜன், சிலிக்கான், அலுமினியம், பொட்டாசியம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பூமியின் மேலோட்டில் நிறைக்கணக்கில் ஏறத்தாழ 46 சதவீதம் ஆக்சிஜன், 28 சதவீதம் சிலிக்கான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். ஆக்சிஜன் என்றால் காற்றில் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, கையில் இருக்கும் கல்லில் பாதி ஆக்சிஜன் என்றதும் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

ஆதாரம் எப்படிக் காட்டுவது

ஆய்வகம் வேண்டியதில்லை. நான்கு சோதனைகள் போதும். காந்தம் ஒட்டுகிறதா? இரண்டு டார்ச் செல், ஒரு சின்ன எல்.இ.டி, இரண்டு துண்டு ஒயர் கொண்ட சுற்றில் வைத்தால் விளக்கு எரிகிறதா? ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா? பொட்டலத்திலோ சாக்கிலோ எழுதியிருக்கிறதா? நான்காவது சோதனையைக் குறைவாக நினைக்காதீர்கள். உப்புப் பாக்கெட்டையும் பற்பசைக் குழாயையும் திருப்பிப் படிக்கும் பழக்கம் அங்கேதான் வருகிறது. ஒன்றில் அயோடின், மற்றதில் ஃபுளூரின்.

பென்சிலை இரண்டு முனையிலும் சீவி அந்தச் சுற்றில் வைத்துப் பாருங்கள். எல்.இ.டி எரியும். உள்ளே இருப்பது களிமண் கலந்த கிராஃபைட், அதாவது கார்பன். அலோகமாக இருந்தும் மின்சாரத்தைக் கடத்துகிறது. அடுத்து இஸ்திரிக்காரர் கொடுத்த கரித்துண்டை வைத்தால் எல்.இ.டி சாதாரணமாக எரியாது. இரண்டும் கார்பன்தானே, ஏன் இப்படி என்ற கேள்வி தானாக வரும். ஒரே அணுக்கள், அடுக்கி வைத்த விதம் வேறு என்று அந்த இடத்தில் சொன்னால் மனதில் நிற்கும்.

வினிகர்ச் சோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. முட்டை ஓட்டில் விட்டால் நுரைக்கும், ஏனென்றால் அது கால்சியம் கார்பனேட். வெளியே வரும் குமிழி கார்பன் டை ஆக்சைடு. அதே வினிகரைச் சாக்பீஸில் விட்டால் பெரும்பாலும் நுரைக்காது. கடையில் விற்கும் சாக்பீஸ் அதிகமும் ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். இரண்டும் வெள்ளை, இரண்டிலும் கால்சியம், ஆனால் கூட்டாளி வேறு. எந்தக் குழுவாவது சாக்பீஸைக் கொண்டுவந்து கந்தகத்துக்கு மதிப்பெண் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள்.

காந்தத்திடம் வருவோம். வாதம் அதிகம் நடப்பது இங்கேதான். சத்துணவுக் கூடத்திலிருந்து எவர்சில்வர் டம்ளர் வரும். "வெள்ளி, எண் 47" என்று ஒரு குழு எழுதும். இன்னொரு குழு காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, அதனால் இரும்பும் இல்லை என்று சொல்லும். இரண்டும் தவறு. எவர்சில்வரில் அதிகம் இருப்பது இரும்பு. துருப்பிடிக்காமல் காப்பது அதில் கலந்திருக்கும் குரோமியம். போதுமான நிக்கல் சேர்த்தால் இரும்பு அணுக்கள் அடுக்கப்படும் முறை மாறிவிடும், காந்தம் பிடிக்காது. நிக்கல் சேர்க்காத வகையில் பிடிக்கும். இதை நீங்கள் சொல்லுவதற்கு முன்னால் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேசையில் வையுங்கள். அதுவும் அதே குடும்பம்தான், இரும்பும் குரோமியமும் கலந்தது. காந்தம் டக்கென்று இழுத்துக்கொள்ளும். காந்தம் ஒட்டினால் ஏதோ ஒன்று நிச்சயம், ஒட்டாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எட்டாம் வகுப்பு மாணவன் ஒரு சோதனையின் எல்லையை உணர்கிறான் என்றால், அன்றைய பாடத்துக்கு வேறு என்ன வேண்டும்?

மூன்று கட்டம்

வராண்டாத் தரையில் சாக்பீஸால் மூன்று பெரிய கட்டம் போடுங்கள்: தனிமம், சேர்மம், கலவை. கொண்டுவந்த பொருளை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று வக்கீல் சொல்ல வேண்டும். மறுக்கிற குழு எழுந்து மறுக்கலாம். மறுப்பு சரியாக இருந்தால் மதிப்பெண் அந்தக் குழுவுக்குப் போகும். பஞ்சாயத்து சூடுபிடிக்கும், சத்தமும் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

செம்புக் கம்பி தனிமக் கட்டத்துக்குப் போகும். அலுமினியத் தாளும் அங்கேதான். பித்தளை கலவைக்குப் போகும்: செம்பும் துத்தநாகமும். வெண்கலமும் கலவைதான்: செம்பும் வெள்ளீயமும். உப்பு வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். "இதில் சோடியம் இருக்கு டீச்சர்" என்பது சரி. ஆனால் தனிமக் கட்டத்தில் வைக்க முடியுமா? சோடியத்தைத் தனியாகத் தண்ணீரில் போட்டால் தீப்பற்றி வெடிக்கும். குளோரின் தனியாக ஒரு விஷ வாயு. இரண்டும் சேர்ந்த பிறகு சாப்பாட்டில் போட்டுக்கொள்கிறோம். சேர்மம் என்பது கூட்டி வைத்த மூட்டை இல்லை, புதிய பொருள் என்பதை இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரிந்து வேறு உதாரணம் இல்லை. உப்பில் சோடியம் இருப்பதற்கு ஆதாரம் கேட்டால், வீட்டில் ரசம் பொங்கி கேஸ் அடுப்பில் வழியும்போது நீலத் தீ மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்களே என்று கேளுங்கள். பாதி வகுப்பு கை தூக்கும்.

கட்டாயம் வைக்க வேண்டிய இன்னொரு பொருள் படிகாரம். சலூனில் கிடைக்கும், வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டியிருப்பார்கள், நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார்கள். பொட்டாசியம், அலுமினியம், கந்தகம், ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று ஐந்து தனிமம் ஒரே கல்லில். கைக்கு நல்ல பளிங்கு மாதிரி இருப்பதால் "தனிமம்" என்று அடித்துச் சொல்லுவார்கள். சொல்லட்டும், எதிர்க் குழு பார்த்துக்கொள்ளும்.

மூடிய காலி பாட்டில் ஒன்றை எவனாவது கொண்டுவந்து நீட்டினால் துரத்திவிடாதீர்கள். அதற்குள் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். குறும்புக்குக் கொண்டுவந்தாலும் கலவைக் கட்டத்தில் முதலிடம் அதற்குத்தான்.

தங்கத்துக்கு மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரும் தங்கம் கொண்டுவரக் கூடாது, யார் காதில் என்ன இருக்கிறது என்று பேசவும் கூடாது. அதற்குப் பதிலாகச் செய்தித்தாளில் வரும் நகைக்கடை விளம்பரம் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தால் போதும். மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் எந்தக் கடை போர்டைப் பார்த்தாலும் 916 என்று போட்டிருக்கும். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் என்றால், நகையும் கலவைக் கட்டத்துக்குத்தான் போகிறது.

எங்கள் பக்கத்துக்கே உரிய தனிமம்

மேலூர் வட்டாரத்தில் 74ஆம் எண்ணைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. 2024 கடைசியில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஊர் ஊராக எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்த டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. கூட்டத்துக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போன பிள்ளைகள் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள். ஆனால் டங்ஸ்டன் என்றால் என்ன என்று கேட்டால் "மலைக்குள்ள இருக்கும் டீச்சர்" என்பதோடு நின்றுவிடும்.

அதனால் ஒரு பழைய குண்டு பல்பை வேட்டையில் வைக்கிறேன். உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் கம்பிதான் டங்ஸ்டன். உருகுநிலை 3422 டிகிரி செல்சியஸ். உலோகங்களிலேயே மிக அதிகம். அதனால்தான் வெள்ளையாகத் தகித்தும் உருகாமல் நிற்கிறது. மலைக்குள் இந்தக் கம்பி மாதிரியே இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது. இயற்கையில் டங்ஸ்டன் தனித்துக் கிடைப்பதில்லை. ஷீலைட், வுல்ஃப்ரமைட் போன்ற கனிமங்களில் ஆக்சிஜனோடு சேர்ந்து கிடக்கிறது. பாறையை உடைத்து, அரைத்து, பிரித்துத்தான் எடுக்க வேண்டும். சேர்மத்திலிருந்து தனிமத்தைப் பிரிப்பது என்று புத்தகத்தில் ஒரு வரியில் போவது, ஊருக்குள் வந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை நான் வகுப்பில் எடுப்பதில்லை. கேட்டால் வீட்டில் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பல்பு உடையாமல் இருக்க ஒரு தேங்காய்நார்க் கூட்டில் வைத்து, அதை யாரும் தூக்கக் கூடாது, இருக்கும் இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், கொண்டுவரவே கூடாத பொருள்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: பட்டாசு, செல்போன் பேட்டரி, ட்யூப்லைட், பழைய பாதரசத் தெர்மாமீட்டர், பிளேடு, பூச்சிமருந்து டப்பா, மயில்துத்தம். சிவகாசி பக்கத்தில்தான் இருக்கிறது, தீபாவளி மிச்சம் எல்லார் வீட்டிலும் இருக்கும். "பேரியம் கொண்டுவந்தேன்" என்று ஒருவன் பையிலிருந்து புஸ்வாணம் எடுத்தால் அன்றைக்கு வகுப்பு நடக்காது. பாஸ்பரஸ் வேண்டுமென்றால் தீப்பெட்டியின் உரசும் பட்டையை மட்டும் நீங்களே கிழித்துக்கொண்டு வாருங்கள். சிவப்பு பாஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது, குச்சித் தலையில் இல்லை.

அட்டவணையும் அணுவும்

இரண்டாம் பீரியடில் தரையிலேயே ஆவர்த்தன அட்டவணை போடுங்கள். 118 கட்டமும் வேண்டாம், முழங்கால் வலிக்கும். முதல் இருபது, அதோடு இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம். கோலம் போட்டுப் பழகின பிள்ளைகளிடம் விட்டால் கட்டம் நேராக வரும். கிடைத்த பொருளை அதனதன் கட்டத்தில் வையுங்கள். சேர்மமாகவும் கலவையாகவும் வந்தவற்றுக்குப் பெயரட்டை போதும்.

பாதி கட்டம் காலியாகத்தான் இருக்கும். மெண்டலீவைப் பற்றிப் பேசச் சரியான நேரம் அதுதான். 1869இல் அவர் அட்டவணை போட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் அறுபத்துச் சொச்சம். பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டு, அங்கே வரப்போகிற தனிமம் இன்னின்ன குணத்தோடு இருக்கும் என்றும் எழுதிவைத்தார். அலுமினியத்துக்குக் கீழே விட்ட இடத்துக்கு 1875இல் காலியம் வந்தது. சிலிக்கானுக்குக் கீழே விட்ட இடத்துக்கு 1886இல் ஜெர்மானியம் வந்தது. காலியம் ஏறக்குறைய 30 டிகிரியில் உருகிவிடும். மதுரை மே மாதத்தில் மேசையில் வைத்தால் தானாக ஓடும் என்று சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். நாம் சோதனைக்கு வைத்திருந்த எல்.இ.டிக்குள்ளும் காலியச் சேர்மம் இருக்கிறது. அதனால் அந்தக் கட்டத்தையும் வரைந்து எல்.இ.டியை அங்கே வைத்துவிடலாம்.

கடைசிப் பதினைந்து நிமிடம் அணுவுக்கு. குழுவுக்கு ஒரு தனிமம், இருபதுக்குள். புரோட்டானுக்குப் புளியங்கொட்டை, நியூட்ரானுக்கு வேப்பங்கொட்டை, எலக்ட்ரானுக்குக் கொண்டைக்கடலை. குன்றிமணி அழகாக இருக்கும், ஆனால் விஷம், வேண்டாம். சோடியம் என்றால் நடுவில் 11 புளியங்கொட்டை, 12 வேப்பங்கொட்டை. சுற்றி மூன்று வட்டத்தில் 2, 8, 1 என்று கடலை. பக்கத்துக் குழு குளோரின்: 17, 18; வட்டங்களில் 2, 8, 7. இரண்டு குழுவையும் அருகருகே உட்காரவையுங்கள். அந்த ஒற்றைக் கடலையை யார் யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். கொடுத்த பிறகு இரண்டுக்கும் வெளிவட்டத்தில் எட்டு. உப்பு மறுபடியும் வந்துவிட்டது.

தரையில் போட்ட இந்த அணுவைப் பார்த்து அளவும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. வண்டியூர் தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர். நடு மண்டபத்தில் ஓர் உளுந்தை வைத்தால் அது அணுக்கரு. எலக்ட்ரான்கள் இருக்கும் எல்லை குளத்தின் கரை. இடையில் வேறொன்றும் இல்லை. எலக்ட்ரான்கள் வட்டப் பாதையில் ஓடுவதில்லை, இது நாம் எண்ணிக்கைக்காகப் போடும் படம் என்பதையும் ஒரு வரி சொல்லிவையுங்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் அடுத்த ஆசிரியருக்கு உதவியாக இருக்கும்.

மறுநாள் தேர்வு வைத்தால் வரையறை கேட்காதீர்கள். மேசையில் ஐந்து பொருளை வைத்து, எந்தக் கட்டம், ஏன் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். "ஏன்" என்பதற்குத்தான் மதிப்பெண். நான் வழக்கமாக வைப்பது: சைக்கிள் மணி மூடி, கற்கண்டு, துத்தநாகம் பூசிய புதுத் தகரத் துண்டு (அதன் மேல் பூப்பூவாகத் தெரிவதே துத்தநாகம்தான்), அலுமினியத் தாள், வெற்றிலைச் சுண்ணாம்பு.

சத்துணவுக் கூடத்து டம்ளர்களை அன்றைக்கே எண்ணி அந்த அக்காவிடம் ஒப்படைத்துவிடுங்கள். வீட்டிலிருந்து வெண்கலச் சாமான் கொண்டுவந்த பிள்ளை இருந்தால் அதைப் பையில் வைத்து நீங்களே கட்டிக்கொடுங்கள். செம்புக் கம்பியையும் காந்தத்தையும் பீரோவில் பூட்டி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு ஆகும். கொண்டைக்கடலையை மட்டும் தரையில் போட்டதாயிற்றே என்று தனியாக அள்ளி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மணி அடிப்பதற்குள் எலக்ட்ரான் பாதியைத் தின்றுவிடுவார்கள்.